பெருக்குவது எளிது, பிரிப்பது அரிது

ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண் அதன் காரணி. வகுபட்ட எண், வகுத்த எண்ணின் மடங்கு. 12-ஐ 3 சரியாக வகுக்கிறது. ஆகவே 3 என்பது 12-இன் காரணி, 12 என்பது 3-இன் மடங்கு. உறவு ஒன்றுதான் என்றாலும் தேடும் வேலை இரண்டிலும் ஒன்றல்ல. மடங்குகளுக்கு வாய்ப்பாடு தெரிந்தால் போதும்: 43, 86, 129, 172 என்று முடிவில்லாமல் சொல்லிக்கொண்டே போகலாம். காரணிகளோ எண்ணிக்கைக்கு அடங்கியவை, ஆனால் ஒவ்வொன்றையும் தேடித்தான் எடுக்க வேண்டும். 43-ஐ 47-ஆல் பெருக்கச் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தாளில் எழுதி 2021 என்று விடை சொல்லிவிடும். 2021-ஐக் கொடுத்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று கேட்டால் பெரியவர்களும் திணறுவார்கள். பெருக்கலுக்கும் பிரித்தலுக்கும் உள்ள இந்த வேறுபாடு எண் பெரிதாகப் பெரிதாக மலையளவு ஆகிவிடுகிறது. இன்று வங்கிக் கணக்குகளைக் காக்கும் பூட்டுகளில் முக்கியமான ஒன்று இதை நம்பித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

சிறிய எண்களுக்குக் காரணி காண நேரான வழி, ஜோடி சேர்ப்பது. 360-ஐ எடுத்துக்கொள்வோம். 1 × 360, 2 × 180, 3 × 120, 4 × 90, 5 × 72, 6 × 60, 7 வகுக்காது, 8 × 45, 9 × 40, 10 × 36, 12 × 30, 15 × 24, 18 × 20. அடுத்து 19 வகுக்காது. 20 ஏற்கெனவே 18-க்கு ஜோடியாக வந்துவிட்டது. இதற்கு மேல் தேட வேண்டியதில்லை. 12 ஜோடிகள், ஆக 24 காரணிகள். நிறுத்தும் இடம் எது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 360-இன் வர்க்கமூலம் 19-க்குச் சற்றுக் குறைவு. ஜோடியில் ஒன்று வர்க்கமூலத்தைவிடப் பெரிதானால் மற்றது சிறிதாகத்தான் இருக்க முடியும். அந்தச் சிறியதை முன்பே சந்தித்திருப்போம். எந்த எண்ணானாலும் அதன் வர்க்கமூலம் வரை தேடினால் போதும் என்ற இந்த ஒரே விதி, 360 முறை வகுக்க வேண்டியதை 18 முறையாகச் சுருக்கிவிடுகிறது. 36 போன்ற வர்க்க எண்களில் மட்டும் 6 × 6 என ஒரு காரணி தனக்குத் தானே ஜோடியாகும். அதனால் வர்க்க எண்களின் காரணிகள் எண்ணிக்கையில் எப்போதும் ஒற்றைப்படை, 36-க்கு ஒன்பது.

வட்டத்துக்கு 360 பாகை, மணிக்கு 60 நிமிடம் என்ற வழக்கம் பழைய பாபிலோனியரின் அறுபது அடிப்படையிலான எண்முறையிலிருந்து வந்தது. நம் பழைய கணக்கிலும் ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். 60-க்கு 12 காரணிகள் உண்டு. இரண்டாக, மூன்றாக, நான்காக, ஐந்தாக, ஆறாக எப்படிப் பங்கிட்டாலும் முழு எண்ணே கிடைக்கும். 100-க்கு ஒன்பது காரணிகள்தான். மூன்று பேருக்குப் பங்கு வைத்தாலே மிச்சம் விழும். தமிழ்ப் பின்ன வாய்ப்பாட்டில் முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. 320-இன் காரணிகளில் 4, 16, 20 மூன்றும் இருப்பதால் காணி 4 முந்திரி, மா 16 முந்திரி, மாகாணி 20 முந்திரி என்று எல்லாம் முழுதாக அமைந்துவிடுகின்றன. அளவைகளை வகுத்தவர்கள் காரணிகளைப் பார்த்தே எண்ணைத் தேர்ந்திருக்கலாம் என்று இதிலிருந்து தோன்றுகிறது.

தனக்கு முன்னால் வரும் எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்கள் சில உண்டு: 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 என்று வரிசை போகும். ஆயிரத்துக்குள் 840-க்குத்தான் அதிகம், 32 காரணிகள். இவற்றை முதன்முதலாக விரிவாக ஆராய்ந்தவர் சீனிவாச ராமானுஜன். 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியான அந்த நீண்ட கட்டுரைக்காகத்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. கையாலேயே போட்ட அந்தப் பட்டியல் 6746328388800 வரை போகிறது. வழியில் ஒரே ஓர் எண் அவர் கண்ணுக்குத் தப்பியது, அது 293318625600.

காரணி தேடும்போது ஒவ்வொரு முறையும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. சில எண்களுக்கு இலக்கங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கடைசி இலக்கம் இரட்டைப்படையானால் 2 வகுக்கும். 0 அல்லது 5 ஆனால் 5 வகுக்கும். கடைசி இரண்டு இலக்கங்கள் 4-ஆல் வகுபட்டால் முழு எண்ணும் வகுபடும். இவையெல்லாம் பள்ளியிலேயே மனப்பாடம் ஆனவை. இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் 9-இன் விதிக்குக் காரணம் மட்டும் வகுப்பில் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. 4572-ஐப் பிரித்தால் 4 ஆயிரம், 5 நூறு, 7 பத்து, 2 ஒன்று. ஓர் ஆயிரம் என்பது 999 + 1. ஒரு நூறு 99 + 1. ஒரு பத்து 9 + 1. 999, 99, 9 ஆகியவற்றின் மடங்குகளை ஒதுக்கிவிட்டால் கையில் நிற்பது 4 + 5 + 7 + 2, அதாவது 18. ஒதுக்கியவை எல்லாம் 9-இன் மடங்கு; மிஞ்சிய 18-உம் 9-இன் மடங்கு; எனவே 4572 வகுபடும், ஈவு 508. 3-க்கும் இதே விதிதான். 11-க்கு இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டியும் கழித்தும் பார்க்க வேண்டும். வருவது 0 அல்லது 11-இன் மடங்கானால் வகுபடும்.

7-க்கும் 13-க்கும் இவ்வளவு சுலபமான விதி இல்லை. ஆனால் 7 × 11 × 13 = 1001 என்பது நினைவிருந்தால் ஒரு வேடிக்கை காட்டலாம். ஏதாவது மூன்று இலக்க எண்ணை அடுத்தடுத்து இரண்டு முறை எழுதச் சொல்லுங்கள். 347347 என்று வைத்துக்கொள்வோம். அதை 7-ஆல் வகுத்தால் 49621. அதை 11-ஆல் வகுத்தால் 4511. அதை 13-ஆல் வகுத்தால் 347, முதலில் எழுதிய எண்ணே திரும்பி வந்து நிற்கும். இரண்டு முறை எழுதுவது என்பது 1001-ஆல் பெருக்குவதுதான். இதில் மாயம் ஒன்றும் இல்லை.

ஒன்றையும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாத எண் பகா எண். 2, 3, 5, 7, 11, 13 என்று அவை தொடங்கும். மற்றவை பகு எண்கள். 1 இரண்டிலும் சேராது. அதைப் பகா எண்ணாகக் கொண்டால் கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் ஒன்று குலைந்துவிடும். எந்தப் பகு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும் என்பது அந்தத் தேற்றம். 360 என்றால் 2 × 2 × 2 × 3 × 3 × 5. வேறு எந்தப் பகா எண்களைக் கொண்டும் அதை உண்டாக்க முடியாது. 1-ஐயும் அனுமதித்தால் வேண்டிய அளவு 1-களைச் சேர்த்து எழுதலாம், ‘ஒரே விதம்’ என்பது போய்விடும்.

பகாக் காரணிகள் தெரிந்தால் காரணிகளின் எண்ணிக்கையைத் தேடாமலே சொல்லலாம். 360-இல் 2 மூன்று முறை வருகிறது. ஒரு காரணியில் 2-ஐ எடுக்காமல் விடலாம், ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்கலாம், மொத்தம் நான்கு வழி. 3-க்கு மூன்று வழி, 5-க்கு இரண்டு. 4 × 3 × 2 = 24. முன்பு ஜோடி சேர்த்துக் கண்ட அதே 24.

ஓர் எண் பகா எண்ணா என்று சோதிக்கவும் வர்க்கமூல விதியே துணை. அதோடு, வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். 2 வகுக்காத எண்ணை 4-உம் 6-உம் வகுக்கப்போவதில்லை. 2027-ஐச் சோதிப்போம். 45 × 45 = 2025; எனவே 45 வரை பார்க்கலாம். 2-உம் 5-உம் இல்லை. இலக்கக் கூட்டல் 11, எனவே 3-உம் இல்லை. 7-ஆல் வகுத்தால் மீதி 4, 11-க்கு மீதி 3, 13-க்கு 12, 17-க்கு 4, 19-க்கு 13, 23-க்கு 3, 29-க்கு 26, 31-க்கு 12, 37-க்கு 29, 41-க்கு 18, 43-க்கு 6. ஒன்றும் வகுக்கவில்லை, 2027 பகா எண். இதே சோதனையை 2021-க்குச் செய்தால் 41 வரை எல்லாம் கைவிரித்து, கடைசியாக 43-இல்தான் சிக்கும். பாதி வழியில் அலுத்து நிறுத்தியவர் அதைப் பகா எண் என்றே எழுதியிருப்பார். பார்த்தால் பகா எண் போலத் தோன்றி ஏமாற்றும் 91 (7 × 13), 119 (7 × 17), 221 (13 × 17), 299 (13 × 23) போன்றவை போட்டித் தேர்வு எழுதுவோர் மனத்தில் வைக்க வேண்டியவை. ஆயிரத்துக்குள் உள்ள எந்த எண்ணுக்கும் 2 முதல் 31 வரையிலான 11 பகா எண்களால் சோதித்தால் தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

2021-ஐப் பிரிக்க இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் பெர்மா கையாண்ட வழி அது. 2021-ஐவிடச் சற்றே பெரிய வர்க்கம் 2025, அதாவது 45 × 45. வித்தியாசம் 4, அதுவும் 2 × 2 என்ற வர்க்கம். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தைக் கூட்டலும் கழித்தலுமாகப் பிரிக்கலாம் என்பது பள்ளி இயற்கணிதம்: 45 − 2 = 43, 45 + 2 = 47. ஒரே அடியில் விடை. ஆனால் இரு காரணிகளும் அருகருகே இருந்தால்தான் இந்த வழி இவ்வளவு விரைவாகப் பலிக்கும்.

ஓர் எண்ணை மட்டும் சோதிக்காமல் குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்கும் பகா எண்கள் அனைத்தும் வேண்டுமென்றால், காரணியை விட்டு மடங்கைப் பிடிப்பதே சிறந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரடோஸ்தனிஸ், பூமியின் சுற்றளவை நிழலைக் கொண்டு கணக்கிட்டவர், காட்டிய முறை இது. 2 முதல் 100 வரை எழுதிக்கொண்டு 2-ஐ விட்டு அதன் மடங்குகளை அடிக்க வேண்டும். பிறகு 3, 5, 7 ஆகியவற்றின் மடங்குகள். 7-இன் முறை வரும்போது புதிதாக அடிக்க 49, 77, 91 என்ற மூன்றே எண்கள் மிஞ்சியிருக்கும். மற்றவை ஏற்கெனவே அடிபட்டவை. நூறின் வர்க்கமூலம் 10 என்பதால் அத்தோடு வேலை முடிந்தது. சல்லடையில் நிற்பவை 25 பகா எண்கள். வகுத்தலே இல்லை என்பதுதான் இந்த முறையின் அழகு. ஆயிரம் வரை போனால் 168, பத்து லட்சம் வரை போனால் 78,498. போகப் போக அடர்த்தி குறைகிறதே தவிர, தீர்ந்துபோவதில்லை. பகா எண்களுக்கு முடிவில்லை என்பதை அதற்கும் முன்பே, கி.மு. 300 வாக்கில், யூக்ளிட் நிறுவிவிட்டார்.

இரண்டு எண்களுக்குப் பொதுவான காரணிகளில் மிகப் பெரியது மீப்பெரு பொதுக் காரணி. பொதுவான மடங்குகளில் மிகச் சிறியது மீச்சிறு பொது மடங்கு. வியாழன் சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டும், சனி ஏறத்தாழ 30 ஆண்டும் ஆகின்றன. இரண்டும் ஒருசேரப் புறப்பட்ட இடத்துக்கு வர 12-க்கும் 30-க்கும் மீச்சிறு பொது மடங்கான 60 ஆண்டு வேண்டும். பிரபவ முதல் அட்சய வரை உள்ள தமிழ் ஆண்டுச் சுற்றின் நீளமும் அதுவே. (துல்லியமான கால அளவுகள் 11.86, 29.46 ஆண்டுகள் என்பதால் வானத்தில் கணக்கு அச்சொட்டாக அமையாது.)

மீப்பெரு பொதுக் காரணியைக் காண, பாடப்புத்தகம் இரு எண்களையும் பகாக் காரணிகளாகப் பிரிக்கச் சொல்லும். யூக்ளிட் சொன்ன வழியில் பிரிக்கவே வேண்டாம். 2021, 1763 இரண்டையும் எடுப்போம். பெரியதைச் சிறியதால் வகுத்தால் மீதி 258. இனி 1763-ஐ 258-ஆல் வகுத்தால் மீதி 215. 258-ஐ 215-ஆல் வகுத்தால் மீதி 43. 215-ஐ 43-ஆல் வகுத்தால் மீதி இல்லை. ஆகவே பொதுக் காரணி 43. நான்கே வகுத்தல். 2021-ஐத் தனியாகச் சோதித்தபோது கடைசியில்தான் தலைகாட்டிய 43 இங்கே தானாக வந்து விழுகிறது. இருநூறு இலக்க எண்கள் இரண்டைக் கொடுத்தாலும் இந்த முறை கணினியில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு எண்களையும் பெருக்கி மீப்பெரு பொதுக் காரணியால் வகுத்தால் மீச்சிறு பொது மடங்கும் கையோடு கிடைக்கும். இங்கே அது 82,861.

தனி எண் ஒன்றைப் பிரிப்பதற்கு இப்படிப்பட்ட ராஜபாட்டை எதுவும் இன்னும் கிடைக்கவில்லை. பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல், 2⁶⁷ − 1 பகா எண் என்று எழுதிவைத்தார். அது 147573952589676412927, மொத்தம் 21 இலக்கம். 1876-இல் லூக்காஸ் என்பவர் அது பகு எண் என்று நிறுவினார். ஆனால் காரணி ஒன்றைக்கூட அவரால் காட்ட முடியவில்லை. காரணி தெரியாமலே பகு எண் என்று சொல்ல முடியுமா என்ற கேள்வி எழுவது இயல்பு. முடியும். அதுதான் இந்தத் துறையின் மிகப் பெரிய திருப்பம்.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் இந்த எண்ணின் காரணிகளை வெளியிட்டார்: 193707721, 761838257287. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல், கரும்பலகையில் ஒரு பக்கம் 2⁶⁷ − 1-ஐக் கணக்கிட்டு, மறுபக்கம் இரண்டு எண்களையும் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்றும், கண்டுபிடிக்க மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்று பின்னர் சொன்னார் என்றும் வழிவழியாகக் கதை உண்டு. 2 முதல் வரிசையாக வகுத்துக்கொண்டு போனால் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பகா எண்களைத் தாண்டியே முதல் காரணியை அடைய முடியும். இந்த எண்ணின் எந்தக் காரணியும் 134-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும் என்பது முன்பே தெரியும். அது தேடலை வெகுவாகக் குறைக்கும். அப்படியும் கைக்கணக்கில் அது பெரும்பாடு.

காரணி தேடாமல் தீர்ப்புச் சொல்லும் வழிக்கு வித்திட்டவரும் பெர்மாதான். p ஒரு பகா எண்ணானால், 2-ஐ p முறை பெருக்கி அதிலிருந்து 2-ஐக் கழித்தால் வருவது p-ஆல் வகுபடும் என்று 1640-இல் அவர் கண்டார். 7-க்கு: 128 − 2 = 126, அது 7 × 18. சரி. 9-க்கு: 512 − 2 = 510, 9-ஆல் வகுத்தால் மீதி 6. ஆகவே 9 பகா எண் அன்று. 3 என்ற காரணியை நாம் இங்கே தொடவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் சோதனையில் தேறியதெல்லாம் பகா எண் ஆகிவிடாது. 341 என்பது 11 × 31, இருந்தும் தேறிவிடுகிறது. 2-இன் பத்தாம் அடுக்கு 1024, அது 341-இன் மூன்று மடங்கைவிட ஒன்று அதிகம். 340 பத்தின் மடங்கு என்பதால் 2-இன் 340-ஆம் அடுக்குக்கும் மீதி 1-தான்; எனவே 341-ஆம் அடுக்குக்கு மீதி 2, அதைக் கழித்தால் மிச்சமில்லை. 2-க்குப் பதில் 3-ஐ வைத்துச் சோதித்தால் 341 அகப்பட்டுவிடும். எந்த எண்ணை வைத்தாலும் அகப்படாத பகு எண்களும் இருக்கின்றன. கார்மைக்கேல் எண்கள் எனப்படும் இவற்றில் மிகச் சிறியது 561, அடுத்தது 1105, மூன்றாவது 1729. கணிதவியலாளர் ஹார்டி வந்த டாக்சியின் எண்ணாக, 1³ + 12³ என்றும் 9³ + 10³ என்றும் எழுதத்தக்கதாக ராமானுஜனோடு சேர்த்து உலகம் நினைக்கும் அதே எண். 7 × 13 × 19 என்ற தன் காரணிகளை மறைத்துக்கொண்டு பெர்மா சோதனையை ஒவ்வொரு முறையும் ஏமாற்றிவிடும். இத்தகைய எண்களுக்கு முடிவில்லை என்று 1994-இல் நிறுவப்பட்டது.

இந்த ஓட்டையை அடைத்துச் செம்மைப்படுத்திய சோதனை மில்லர், ராபின் என்ற இருவரின் பெயரால் வழங்குகிறது. 1970-களின் பிற்பாதியில் உருவானது. ஒரு பகு எண் ஒரு சுற்றில் தப்பிக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேல் இல்லை. இருபது சுற்று நடத்தினால் அது ஏறத்தாழ லட்சம் கோடியில் ஒன்றாகிவிடும். கணினிகள் அன்றாடம் பயன்படுத்துவது இதைத்தான். ஐயத்துக்கே இடமில்லாமல், அதே சமயம் விரைவாகவும் எல்லா எண்களையும் சோதிக்கும் முறை உண்டா என்ற கேள்வி பின்னும் கால் நூற்றாண்டு திறந்தே கிடந்தது. 2002 ஆகஸ்டில் அதற்கு விடை தந்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா ஆகிய மூவர். பின்னவர் இருவரும் அந்த ஆண்டுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். 2006-இல் இதற்குக் கோடல் பரிசு கிடைத்தது. நடைமுறையில் மில்லர்-ராபினே இன்னும் வேகம் என்றாலும், கொள்கை அளவில் வழக்கை முடித்துவைத்தது கான்பூர்தான்.

ஆக, ஆயிரம் இலக்க எண் பகா எண்ணா என்பதை இன்று மடிக்கணினியே சொல்லிவிடும். அது பகு எண் என்று தெரிந்த பின் காரணிகளைக் கேட்டால்தான் கணினி விழிக்கும். 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் இந்த இடைவெளியையே பூட்டாக்கினார்கள். இரண்டு பெரிய பகா எண்களைத் தேர்ந்து பெருக்கி, பெருக்கற்பலனை ஊரறிய வெளியிடலாம். அதைக் கொண்டு யாரும் செய்தியைப் பூட்டலாம். திறக்கக் காரணிகள் தெரிய வேண்டும். அவர்கள் அன்று சவாலாக விட்ட 129 இலக்க எண்ணைப் பிரிக்க 1994 வரை ஆயிற்று; இணையம் வழியாகச் சுமார் 600 தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை ஈடுபடுத்தினார்கள். அதே ஆண்டில் பீட்டர் ஷோர், குவாண்டம் கணினி போதுமான அளவில் அமைந்தால் இந்தப் பூட்டு உடையும் என்று காட்டினார். அந்த அளவு கணினி இன்னும் வரவில்லை. 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண் ஒன்று பிரிந்தது. இன்று பரவலாகப் பயன்படும் பூட்டுகளின் எண்கள் 617 இலக்கம் கொண்டவை. அந்த நீளத்தில், மூவரின் பெயர் முதலெழுத்துகளைக் கொண்ட ஆர்.எஸ்.ஏ. நிறுவனம் இரண்டு லட்சம் டாலர் பரிசோடு ஓர் எண்ணை வெளியிட்டிருந்தது. போட்டி 2007-இல் முடித்துக்கொள்ளப்பட்டது. அந்த எண்ணின் காரணிகள் மட்டும் இன்னும் வெளிவரவில்லை.